ஒளி உமிழ்வதா, ஒளியால் உமிழ்வதா? ஒளியுணர் மின்கருவிகளின் வரலாறும் தமிழ்ப் பெயர்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஒளிபட்டவுடன் மின்னியல் மாற்றம் அடையும் கருவிகள் 1873ஆம் ஆண்டு முதல் தந்தி, பேசும்படம், ஒளிப்படம், விண்கலம், மருத்துவம் எனப் பல துறைகளில் பயன்பட்டு வந்துள்ளன. இவை மூன்று வெவ்வேறு இயக்க முறைகளைச் சார்ந்தவை. தமிழில் இவை மூன்றும் 'ஒளி மின்கலம்' என்னும் ஒரே பெயரின்கீழ் அடக்கப்படுகின்றன. உட்பிரிவுப் பெயர்களும் பொருள் மயக்கம் தருவனவாக உள்ளன. ஒரு கருவி எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை அதன் இயக்க முறையே முடிவுசெய்தது என்பதை வரலாற்றின் வழி விளக்கி, பெயர் மயக்கத்தைத் தொகையிலக்கண நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செலினியம், ஒளி மின்கலம், ஒலித்தடம், ஒளியுணர் டையோடு, கலைச்சொல், வேற்றுமைத்தொகை

முன்னுரை

அந்தியில் தானே எரியும் தெருவிளக்கு, கூரைமேல் பதித்த சூரியத் தகடு, கைப்பேசியின் கேமரா, விரலில் மாட்டும் உயிர்வளி அளவி ஆகிய அனைத்திலும் ஒளி மின்னியல் மாற்றமாகிறது. ஆயினும் எது மாறுகிறது என்பது நான்கிலும் ஒன்றன்று. தெருவிளக்கில் பொருளின் மின்தடை மாறுகிறது. சூரியத் தகட்டில் மின்னழுத்தம் பிறக்கிறது. கேமராவில் நுண்ணிய சேமிப்பிடங்களில் மின்னூட்டம் திரள்கிறது. இவ்வேறுபாடு இயற்பியலாளர்க்கு மட்டும் உரிய நுட்பம் எனக் கருதப்படுவதால், தமிழ்ப் பொது அறிவியல் எழுத்தில் அது பெரும்பாலும் கவனம் பெறுவதில்லை.

தமிழில் வழங்கும் வகைப்பாடு 'ஒளி உமிழ்வு மின்கலம்', 'ஒளி கடத்தும் மின்கலம்', 'ஒளி வோல்டா மின்கலம்' என மூன்று பெயர்களைத் தருகிறது. அதே நூல்களில், சிறிது தொலைவில், 'ஒளி உமிழ் டையோடு' என்னும் பெயரும் வருகிறது. முதலாவது ஒளியை வாங்கி எலக்ட்ரானை வெளியேற்றும் கருவி. பின்னது மின்னோட்டத்தை வாங்கி ஒளியை வெளியேற்றும் கருவி. ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு கருவிகள் ஏறக்குறைய ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றன. இதனை அச்சுப்பிழை போலக் கடந்துவிட இயலாது. பெயர் எவ்விடத்தில் வழுக்குகிறது என்பதை அறிய, முதலில் கருவிகள் எவ்வாறு இயங்கின, எதற்குப் பயன்பட்டன என்பது தெளிவாக வேண்டும்.

மூன்று இயக்க முறைகள்

செலினியம், காட்மியம் சல்பைடு போன்ற குறைக்கடத்திகளில் எலக்ட்ரான்கள் அணுக்களோடு பிணைந்துள்ளன. ஒளி அப்பிணைப்பை விடுவிக்கும்போது பொருளின் கடத்துதிறன் கூடுகிறது. இங்கு ஒளி மின்னோட்டத்தைப் பிறப்பிப்பதில்லை. வேறொரு மின்கலம் செலுத்தும் மின்னோட்டத்திற்கு வழியை அகலமாக்குகிறது. இது முதல் முறை.

இரண்டாம் முறையில், காற்று நீக்கிய கண்ணாடிக் குழலுக்குள் உள்ள உலோகப் பரப்பின்மீது ஒளி படுகிறது. எலக்ட்ரான் உலோகத்தைவிட்டே வெளியேறி, எதிரே உள்ள நேர்மின்வாயை அடைகிறது. மூன்றாம் முறையில், இரு வேறு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் இயல்பாகவே ஒரு மின்புலம் அமைந்திருக்கிறது. ஒளி விடுவித்த மின்னூட்டங்களை அப்புலம் இருபுறமும் பிரித்துவிடுவதால் மின்னழுத்தம் தோன்றுகிறது. புற மின்கலம் எதுவும் தேவையில்லை.

சூரியத் தகடு ஐன்ஸ்டைன் விளக்கிய ஒளிமின் விளைவால் இயங்குகிறது என்று எழுதப்படுவதுண்டு. இது பாதி மெய். ஒளியின் ஆற்றல் சிறு சிறு பொதிகளாகவே வழங்கப்படுகிறது என்னும் 1905ஆம் ஆண்டுக் கருத்து மூன்று முறைகளுக்கும் அடிப்படை. ஆனால் 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு குறிப்பிட்ட ஒளிமின் விதி, உலோகப் பரப்பைவிட்டு வெளியேறும் எலக்ட்ரானைப் பற்றியது. சூரியக் கலத்தில் எந்த எலக்ட்ரானும் வெற்றிடத்திற்குள் வெளியேறுவதில்லை. மேலும், ஒளியால் மின்னழுத்தம் தோன்றுவதைப் பிரான்சின் எட்மண்ட் பெக்கரல் அமிலக் கரைசலில் அமிழ்த்திய மின்வாய்களைக் கொண்டு 1839ஆம் ஆண்டிலேயே கண்டார். ஹெர்ட்ஸ் புற ஊதா ஒளியால் மின்பொறி எளிதில் பாய்வதைக் கவனித்ததோ 1887இல்தான். ஐன்ஸ்டைன் பிறப்பதற்கு 40 ஆண்டுகள் முன்னரே அறியப்பட்ட நிகழ்வை அவர் பெயரில் மட்டும் வரவு வைப்பது காலமுறைக்கும் பொருந்தாது.

செலினியம்: வாய்ப்பும் தடையும்

1817இல் சுவீடனின் பெர்சீலியஸ் கண்டறிந்த செலினியம், நிலாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயர்பெற்றது. அரை நூற்றாண்டுக் காலம் அது பெரிய பயனற்ற தனிமமாகவே இருந்தது. கடலடித் தந்திவடங்களை அமைத்த ஆங்கிலப் பொறியாளர் வில்லோபி ஸ்மித், வடத்தைக் கடலில் இறக்கும்போதே தொடர்ந்து சோதிக்கும் முறை ஒன்றை வகுத்தார். அதற்கு மிக உயர்ந்த மின்தடை தேவைப்பட்டது. 5 முதல் 10 செ.மீ. நீளமும் 1 முதல் 1.5 மி.மீ. விட்டமும் கொண்ட செலினியம் கம்பிகளைக் கண்ணாடிக் குழல்களில் அடைத்துப் பயன்படுத்தினார். ஆனால் அளவீடுகள் நிலையாக அமையவில்லை. கம்பிகள் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தால் மின்தடை குறைந்தது, மூடினால் கூடியது. அவருடைய உதவியாளர் ஜோசப் மே வாயிலாகத் தெரியவந்த இம்மாற்றம் 1873 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது. ஒளியை உணரும் கருவி ஒன்றைத் தேடி எவரும் அங்குச் செல்லவில்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. மாறாத மின்தடையைத் தேடியவர்க்கு, மாறிக்கொண்டே இருக்கும் மின்தடை கிடைத்தது.

இதனை முதலில் பெரிதாகப் பயன்படுத்தியவர் தொலைபேசிக்காக அறியப்படும் அலெக்சாண்டர் கிரகாம் பெல். அவரும் சார்லஸ் சம்னர் டெயின்டரும் அமைத்த 'போட்டோபோன்' கருவியில், பேசுவோர் குரலால் அதிரும் மெல்லிய கண்ணாடி சூரிய ஒளியைப் பிரதிபலித்தது. அதிர்வுக்கேற்ப ஒளிக்கற்றையின் செறிவு மாறியது. தொலைவில் இருந்த குழியாடி அக்கற்றையைச் செலினியம்மீது குவிக்க, தொலைபேசிச் செவிக்கருவியில் பேச்சு கேட்டது. 1880ஆம் ஆண்டு வாஷிங்டனில் பிராங்க்ளின் பள்ளியின் மேல்தளத்திலிருந்து 213 மீட்டர் தொலைவிலிருந்த பெல்லின் ஆய்வுக்கூடத்திற்குப் பேச்சு இவ்வாறு சென்றது. தாம் சொல்வது கேட்டால் சன்னலுக்கு வந்து தொப்பியை அசைக்குமாறு டெயின்டர் ஒளியின் வழி கேட்டுக்கொள்ள, பெல் அவ்வாறே செய்தார். தொலைபேசியைவிட இதனையே தம் பெரிய கண்டுபிடிப்பாகப் பெல் மதித்தார். மேகம் மறைத்தால் நின்றுவிடும் செய்தித்தொடர்பை வணிகம் ஏற்கவில்லை.

செலினியத்திற்கு வேறொரு குறையும் இருந்தது. ஒளி நின்ற பின்னரும் அதன் மின்தடை உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முந்தைய வெளிச்சத்தின் நினைவு சிறிது நேரம் தங்கிவிடுகிறது. 1884இல் பெர்லினில் பால் நிப்கோ சுழல்தட்டுத் தொலைக்காட்சிக்கு வகுத்த திட்டம் செலினியத்தையே நம்பியிருந்தது. படத்தை வரிவரியாகப் பிரிக்கும் தட்டின் விரைவுக்குச் செலினியம் ஈடுகொடுக்க இயலவில்லை. ஒளிப்படங்களைத் தந்திக்கம்பி வழி அனுப்பிய ஜெர்மானியர் ஆர்தர் கோர்ன், இக்குறையை ஈடுசெய்ய இரண்டாவது செலினியக் கலம் ஒன்றையே துணைக்குச் சேர்த்தார். பொருளின் தாமதத்தை அதே பொருளின் தாமதத்தால் கழித்த அவ்வுத்தி, இவ்வரலாற்றில் மிக நேர்த்தியானது எனலாம்.

தாமதம் பொறுத்துக்கொள்ளப்பட்ட பயன்பாடும் உண்டு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பூர்னியே டால்ப் 1910களில் உருவாக்கிய 'ஆப்டோபோன்', பார்வையற்றோர் அச்சு நூலைக் காதால் படிக்க உதவியது. வெவ்வேறு அதிர்வெண்களில் மின்னும் ஒளிப்புள்ளிகளின் வரிசை ஒன்று எழுத்தின் குறுக்கே நகரும். தாளின் வெண்மையும் மையின் கருமையும் அப்புள்ளிகளை வெவ்வேறாகத் திருப்பியனுப்ப, செலினியம் அவற்றை இசைச்சுரங்களின் தொகுதியாகச் செவிக்கருவிக்குத் தந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சுரக்கோவை. 1918இல் மேரி ஜேம்சன் என்னும் பார்வையற்ற பெண் இக்கருவியால் பொதுமக்கள் முன் படித்துக் காட்டியபோது வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு சொல்லே. கிளாஸ்கோவின் பார் அண்டு ஸ்ட்ரவுட் நிறுவனம் கருவியைத் திருத்தியமைத்த பின், நீண்ட பயிற்சியால் அவர் நிமிடத்திற்கு 60 சொற்கள் வரை எட்டினார். கண்டுபிடித்தவர் பெயரோடு நிறுத்திக்கொள்ளும் வரலாறுகளில் இப்பயிற்சியின் பங்கு இடம்பெறுவதில்லை.

ஒளியை உணர்ந்து எரியும் கடல் விளக்குகளைப் பொறுத்தவரை, மின்கருவிகளை மின்சாரமே இல்லாத கருவி ஒன்று முந்தியது என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. சுவீடனின் குஸ்தாப் டாலேன் அமைத்த சூரியத் தடுக்கிதழ், கருமை பூசிய தண்டு பகலொளியில் மெருகிட்ட தண்டுகளைவிட மிகுதியாக விரிவதைக் கொண்டு எரிவளியை அடைத்தது. அவருக்கு 1912இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பேசும்படக் கொட்டகையின் கண்

ஹெர்ட்ஸ் கண்ட விளைவை 1888இல் ஹால்வாக்ஸ் துத்தநாகத் தகட்டில் உறுதிசெய்தார். புற ஊதா ஒளி பட்டால் எதிர்மின்னூட்டம் பெற்ற தகடு அதனை இழந்தது. ஜெர்மனியின் வோல்பன்பியூட்டலில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த எல்ஸ்டர், கைட்டல் இருவரும் சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்கள் கண்ணுக்குப் புலப்படும் ஒளிக்கே எலக்ட்ரானை விடுவதைக் கண்டு, 1890களில் கண்ணாடிக் குழலுக்குள் அடைத்த கலத்தை உருவாக்கினர். செலினியத்தின் தாமதம் இதில் இல்லை. ஆனால் அது தந்த மின்னோட்டம் மிகச் சிறிது. மணியை ஒலிக்கவோ செவிக்கருவியை இயக்கவோ அது போதாது. ஆகவே விரைவான இக்கருவி, வெற்றிடக் குழல் பெருக்கி வரும் வரையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆய்வுக்கூடத்திலேயே காத்திருந்தது. பெருக்கிக் குழலுக்கு வழிவகுத்த லீ டி பாரஸ்டே 1923இல் நியூயார்க்கில் 'போனோபிலிம்' என்னும் பேசும்படங்களைத் திரையிட்டார்.

படச்சுருளின் ஓரத்தில் ஒலியை ஒளித்தடமாகப் பதிக்கும் முறையில் கணக்கு ஒன்று அடங்கியுள்ளது. 35 மி.மீ. படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும். ஒரு சட்டத்தின் உயரம் 19 மி.மீ. அளவாதலால், நொடிக்கு ஏறத்தாழ 457 மி.மீ. சுருள் ஒலித்தலையைக் கடக்கிறது. 5,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் ஓர் அலை அச்சுருளில் 0.09 மி.மீ. இடத்தையே கொள்ளும். மிக மெல்லிய ஒளிக்கோடு ஒன்று அத்தடத்தின் ஊடே பாய, மறுபுறமுள்ள கலம் நொடிக்கு 5,000 முறை மாறும் ஒளியைப் பின்தொடர வேண்டும். தியோடர் கேஸ், முதல் உலகப் போரின்போது அகச்சிவப்புச் செய்திக்குறிகளுக்காக உருவாக்கியிருந்த தாலியம் சேர்மக் கலம் போனோபிலிமுக்குக் கண்ணாயிற்று. அது கடத்துதிறன் மாறும் வகையைச் சார்ந்தது. 1920களின் இறுதியில் வெள்ளி, ஆக்சிசன், சீசியம் சேர்ந்த பரப்புடைய எலக்ட்ரான் உமிழும் குழல்கள் வந்தபின் அரங்குகள் அவற்றின் பக்கம் சாய்ந்தன. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' முதலாகத் தமிழ் பேசும்படக் காலம் தொடங்குகிறது. பாட்டுக்காகவே கொட்டகைக்குச் சென்ற தலைமுறை, சுருளிலேயே ஒலித்தடம் அமைந்த படங்களில் கேட்ட ஒவ்வொரு பாட்டும் முதலில் ஒளியாக மாறிப் பின்னரே ஒலியாயிற்று. தமிழ்த் திரையிசை பற்றிய ஆய்வுகள் பாடகரையும் ஒலிவாங்கியையும் பேசுமளவிற்கு இக்குழலைப் பேசுவதில்லை.

சீசியக் குழலின் நிறவுணர்வு ஒரு நீண்ட பின்விளைவை உண்டாக்கியது. ஒலித்தலையில் இருந்த டங்ஸ்டன் விளக்கின் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்பு. குழலும் அகச்சிவப்பை நன்கு உணர்ந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒலித்தடம் வெள்ளித் துகளால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். வண்ணப்படம் வந்தபோது சிக்கல் தோன்றியது. வண்ணச் சாயங்கள் கண்ணுக்கு அடர்த்தியாகத் தோன்றினும் அகச்சிவப்பு அவற்றின் ஊடே தடையின்றிச் செல்லும். கலத்தின் பார்வையில் சாயத்தால் ஆன ஒலித்தடம் வெறும் கண்ணாடி போன்றதே. ஆகவே வண்ணப்படத்தை உருத்துலக்கும்போது படப்பகுதியிலிருந்து வெள்ளியை நீக்கினாலும், ஓரத்து ஒலித்தடத்தில் மட்டும் வெள்ளி தங்குமாறு தனியாக ஒரு கரைசலைப் பூசவேண்டியிருந்தது. பல பத்தாண்டுகள் உலகெங்கும் படநிலையங்கள் இக்கூடுதல் வேலையைச் செய்தன. குழல்களுக்கு மாற்றாகச் சிலிக்கான் உணரிகள் வந்தபின்னும், அவையும் அகச்சிவப்பை உணர்வனவாதலால், இது தொடர்ந்தது. சிவப்பு ஒளி உமிழ் டையோடு விளக்காகவும், சிவப்பைத் தடுக்கும் நீலப்பச்சைச் சாயம் ஒலித்தடமாகவும் அமைந்த பின்னரே வெள்ளி கைவிடப்பட்டது. அதற்குள் படச்சுருளின் காலமே முடிவை நெருங்கிவிட்டது.

மின்கலம் வேண்டாத அளவி

கடத்துதிறன் மாறும் பொருளாகத் தோற்ற செலினியம், மூன்றாம் முறையில் மீண்டும் வந்தது. 1876இல் இலண்டனில் ஆடம்சும் டேயும் செலினியம் மின்கலம் எதுவுமின்றியே ஒளியால் மின்னோட்டம் தருவதைக் கண்டிருந்தனர். 1883இல் நியூயார்க்கில் சார்லஸ் பிரிட்ஸ், உலோகத் தகட்டின்மீது செலினியம் பூசி, அதன்மேல் ஒளி ஊடுருவுமளவிற்கு மெல்லிய தங்க இழை பதித்துக் கலம் அமைத்தார். வாங்கிய ஒளியாற்றலில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே மின்னாக மாறியது.

மின்சாரம் பெற அது போதாது; ஒரு முள்ளை அசைக்கப் போதும். அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் 1932இல் வெளியிட்ட 617 எண் அளவி, செலினியக் கலத்தின் மின்னோட்டத்தை நேரே நுண்ணளவி முள்ளுக்குச் செலுத்தி, ஒளிப்படக் கலைஞருக்கு வெளிச்சத்தை எண்ணாகக் காட்டியது. மின்கலம் மாற்றவேண்டியதில்லை. செலினியத்தின் நிறவுணர்வு மனிதக் கண்ணின் நிறவுணர்வுக்கு நெருக்கமாக இருந்தமை இங்குப் பெரும் நன்மை. முள் அசையுமளவிற்கு மின்னோட்டம் பெறக் கலத்தின் பரப்பு அகலமாக வேண்டும் என்பதும், மங்கிய ஒளியில் அளவி செயலற்றுப்போகும் என்பதும் குறைகள்.

1960களில் காட்மியம் சல்பைடு வந்தது. உளுந்தளவே உள்ள அப்பொருளைக் கேமராவின் உள்ளேயே வைக்க முடிந்தது. மங்கிய ஒளியையும் அது உணர்ந்தது. ஆனால் அது முதல் முறையைச் சார்ந்ததாகையால் மின்கலம் கட்டாயமாயிற்று. செலினியத்தின் பழைய நோயான வெளிச்ச நினைவும் உடன் வந்தது: கதிரவனைப் பார்த்த அளவியை உடனே நிழலுக்குத் திருப்பினால் சிறிது நேரம் பொய் சொல்லும். பல கேமராக்கள் 1.35 வோல்ட் அழுத்தத்தை மாறாமல் தரும் பாதரச மின்கலத்தை நம்பி அமைக்கப்பட்டன. பின்னர்ப் பாதரச மின்கலங்கள் தடைசெய்யப்பட, 1.5 வோல்ட் மாற்றுகளை இட்டபோது அவற்றின் அளவீடுகள் பிறழ்ந்தன. காட்மியமும் 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1970களில் கேமராக்களுக்குள் நுழைந்த சிலிக்கான் விரைவானது. ஆயினும் 1,100 நானோமீட்டர் வரை அகச்சிவப்பை உணர்வதால், கண்ணோடு ஒத்துப்போக அதன்முன் நீல வடிகட்டி வைக்கவேண்டியிருந்தது. ஒரு தலைமுறையின் தீர்வு அடுத்த தலைமுறைக்குச் சிக்கலாக வந்து சேர்ந்தது. இவற்றை மிகுந்த நுண்ணுணர்வை நோக்கிய நேர்கோட்டு வளர்ச்சியாக மட்டும் எழுதினால், 1932ஆம் ஆண்டு அளவி மின்கலமின்றி இயங்கியதன் சிறப்பு விடுபட்டுப்போகும்.

சிலிக்கான்

1940இல் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல், விரிசலுற்ற சிலிக்கான் துண்டு ஒன்றில் விளக்கொளி பட்டதும் எதிர்பாராத மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். துண்டின் இருபகுதிகளிலும் கலந்திருந்த மாசுகள் வேறுபட்டிருந்தமையால் இடையே ஒரு சந்தி உருவாகியிருந்தது. பின்னர் அங்கேயே, தொலைவிடத் தொலைபேசி நிலையங்களுக்கு மின்வழங்கல் தேடிய டாரில் சேப்பின், முதலில் செலினியக் கலங்களைச் சோதித்து, சதுர மீட்டருக்கு 5 வாட் அளவே கிடைப்பதைக் கண்டு அவற்றைக் கைவிட்டார். 1954 ஏப்ரலில் சேப்பின், புல்லர், பியர்சன் மூவரும் 6 விழுக்காடு திறனுடைய சிலிக்கான் கலத்தை வெளியிட்டனர். தந்திவடத்தில் தொடங்கிய கருவி தொலைபேசிக் கம்பியில் மறுபிறவி எடுத்தது. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வான்கார்டு 1 செயற்கைக்கோளில் பாதரச மின்கலத்தால் இயங்கிய வானொலி சில மாதங்களில் நின்றது. சூரியக் கலங்களால் இயங்கியது 1964 வரை பேசியது.

1969இல் அதே ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் வகுத்த மின்னூட்டப் பிணைப்புக் கருவி, ஒளி விடுவித்த எலக்ட்ரான்களை உடனே மின்னோட்டமாக்காமல் வரிசையான குழிகளில் சேமித்து, நீர்வாளியைக் கைமாற்றுவது போல ஒவ்வொன்றாக விளிம்புக்கு நகர்த்தியது. 2009ஆம் ஆண்டு நோபல் பரிசில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்தது.

விரல்நுனியில் இரு கருவிகள்

கோவிட் தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளிலும் இடம்பெற்ற பல்ஸ் ஆக்சிமீட்டர், ஒளி உமிழும் கருவியும் ஒளியுணரும் கருவியும் நேருக்கு நேர் அமர்ந்திருக்கும் இடம். ஜப்பானின் டகுவோ அவோயாகி 1974இல் வெளியிட்ட தத்துவத்தின்படி, இருவேறு நிற ஒளிகள் விரலின் ஊடே செல்கின்றன. இன்றைய கருவிகளில் 660 நானோமீட்டர் சிவப்பும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பும் வழக்கமாகப் பயன்படுகின்றன. மறுபுறமுள்ள டையோடு இரண்டையும் மாறி மாறி அளக்கிறது. உயிர்வளி ஏற்ற குருதியும் ஏற்காத குருதியும் இவ்விரு ஒளிகளையும் வேறு விகிதத்தில் உட்கவர்கின்றன. நாடித்துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுப்பதால் தோல், எலும்பு ஆகியவற்றின் தடை நீங்கிவிடும் என்பது கொள்கை.

நடைமுறை அவ்வளவு தூய்மையானதன்று. விகிதத்தை விழுக்காடாக மாற்றும் அட்டவணை தன்னார்வலர்களிடம் அளந்து பெறப்படுவது. 2020இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, கருவி 92 முதல் 96 விழுக்காடு காட்டியபோதும் தமனிக் குருதியில் 88 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த நிலையைத் தேடியது. மிச்சிகன் மருத்துவமனைத் தரவுகளில் இது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடு அளவீடுகளிலும், வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு அளவீடுகளிலும் காணப்பட்டது. டையோடு தன்மீது விழும் ஒளியைப் பிழையின்றியே அளக்கிறது. அவ்வொளி எவர் தோலின் ஊடே வந்தது என்பது அதற்குத் தெரியாது. தோல் நிறத்தில் பெரும் வேறுபாடு நிலவும் மக்களிடையே இக்கருவியைப் பரிந்துரைக்கும் தமிழ் மருத்துவக் கையேடுகள், எண்ணை மட்டும் கூறாமல் அந்த எண் பெறப்படும் வழியையும் கூறுதல் வேண்டும். அதற்குக் கருவியின் உறுப்புகளைக் குழப்பமின்றிச் சுட்டும் பெயர்கள் தேவை.

பெயர்களை விரித்தல்

'ஒளி உமிழ் டையோடு' என்பதில் 'ஒளி உமிழ்' ஒளியை உமிழ்கின்ற என விரிவதால் இரண்டாம் வேற்றுமைத்தொகை. 'ஒளி உமிழ்வு மின்கலம்' என்பதில் 'ஒளி உமிழ்வு' ஒளியால் நிகழும் உமிழ்வு என விரிக்கப்பட வேண்டியது. அஃதாவது கருவிப்பொருளில் வரும் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட மயங்கும் என்பது நன்னூல் அறிந்த செய்தியே. ஆனால் இங்கு மயக்கம் சமநிலையில் இல்லை. உமிழ்தல் செயப்படுபொருள் குன்றா வினை. தமிழில் அஃறிணைச் செயப்படுபொருள் உருபின்றி வினையை ஒட்டி நிற்பது இயல்பு. ஆகவே 'ஒளி உமிழ்வு' எனக் கண்டதும் படிப்பவர் மனம் 'ஒளியை' என்றே விரிக்கும். பிழையான பொருளே முதலில் தோன்றும்.

'ஒளி கடத்தும் மின்கலம்' இன்னும் சிக்கலானது. கடத்தப்படுவது மின்; அச்சொல் வினையருகே இல்லை. ஒளியைக் கடத்தும் கருவி எனக் கொண்டால் அது ஒளியிழைக்கே பொருந்தும். மேலும் 'மின்கலம்' என்பது தமிழில் மின்சாரம் தரும் பொருளைக் குறிக்கிறது. கடத்துதிறன் மாறும் காட்மியம் சல்பைடு மின்சாரம் தருவதில்லை, 1.35 வோல்ட் கலத்தை நம்பியே அது வாழ்ந்தது. மூன்றாவதான 'ஒளி வோல்டா மின்கலம்' வினைச்சொல் இன்மையால் தப்பித்தது. அது உண்மையில் மின்சாரம் தருவதால் 'மின்கலம்' என்பதும் பொருந்துகிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல் வழக்கில் முதல் முறைக் கருவிக்கு 'ஒளியுணர் தடையி' என்றும், ஒளி உமிழ் டையோடுக்கு 'ஒளிகாலும் இருவாயி' என்றும் பெயர்கள் உள்ளன. 'ஒளியுணர்' என்பதில் ஒளி செயப்படுபொருளாகவே நிற்பதால் மயக்கம் எழவில்லை. 'தடையி' என்பது பொருளின் இயல்பையும் சரியாகச் சுட்டுகிறது. இம்முன்னொட்டையே பொதுவாகக் கொண்டால் கடத்துதிறன் மாறுவதை 'ஒளியுணர் தடையி' எனவும், எலக்ட்ரான் உமிழும் குழலை 'ஒளியுணர் உமிழ்குழல்' எனவும், சந்தி வகையை 'ஒளியுணர் டையோடு' எனவும் வழங்கலாம். மின்னாற்றல் பெறுவதற்கானதைச் 'சூரிய மின்கலம்' என்னும் வழக்கிலேயே விட்டுவிடலாம்.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. ஒளியுணர் டையோடைப் புற மின்னழுத்தமின்றி இயக்கினால் அது வோல்டாக் கலம் போலச் செயற்படும். பின்னோக்குச் சார்பில் இயக்கும் நிலைக்கு ஆங்கிலக் கையேடுகள் கடத்துதிறன் முறையின் பெயரையே இரவல் தந்துள்ளன. அங்கும் மின்னூட்டங்களைப் பிரிப்பது சந்தியின் புலமே. அப்பெயரைத் தமிழுக்கு ஏற்றுமதி செய்யாமல் 'பின்னோக்குச் சார்பு நிலை' என்றே கூறுதல் தகும். சாதாரண ஒளி உமிழ் டையோடு ஒன்றின் முனைகளில் மின்னழுத்த அளவியை இணைத்து வெயிலில் காட்டினால், முள் அசையும். அதுவும் ஒரு சந்திதான். அகராதிப் பதிவில் அக்கருவிக்கு உமிழ்தலைத் தலைச்சொல்லாகவும் உணர்தலை அதன்கீழ்க் குறிப்பாகவும் தருவது போதுமானது.